கரை தெரியட்டும்

மாமனாருக்கு மரியாதை இல்லாமல் பேசவே வராது. "மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா? வயிறு நிறைஞ்சுதா? அப்படியே மாட்டுக் கொட்டகையைக் கொஞ்சம் கூட்டிடுங்க" என்பார். பக்கத்தில் நிற்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஒரு 'ங்க' குறையாது. குறைந்தாலாவது சண்டை போடலாம். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்!

வேலை பார்த்த மில்லை மூடியதும் வேறு போக்கிடம் இல்லாமல் பெண்டாட்டி வீட்டோடு வந்து ஒட்டிக்கொண்டவன் அவன். தனிக்குடித்தனம் போய்விட வேண்டும், அது ஒன்றுதான் அவன் ஆசை. ஒருநாள் பந்தியில் நாலு பேர் முன்னால் வாய்விட்டுக் கேட்டும் விட்டான். பெரியவர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "தாராளமா போங்க. நம்ம பண்ணைக் குட்டையில கொடி மண்டிக் கிடக்கு. எடுத்துடுங்க. கரை தெரியட்டும், உள்ள இருக்கிற மீனெல்லாம் உங்களுது. வித்துட்டு வீடு பாருங்க. வாக்குன்னா வாக்கு."

அந்தக் கொடி எந்தச் சீமையிலிருந்து வந்ததோ, சனியன். கரையில் வேர்விட்டுத் தண்ணீர்மேல் பாய் மாதிரி படரும். வெட்டினால் விழுகிற ஒவ்வொரு கணுவும் முளைக்கும். முன்பு வேலையாட்கள் அரிவாளால் வெட்டி வெட்டியே ஒரு பக்கம் இருந்ததை நாலு பக்கமும் ஆக்கி வைத்திருந்தார்கள்.

இவன் உரக்கடைக்காரரிடம் போய்ப் பொறுமையாகக் கேட்டான். "மருந்து அடிக்கலாம், ஆனா ஒரு பக்கம் மட்டும் அடி" என்றார் அவர். "அது அழுகினதும் வாரி மேட்டுல போட்டுக் கொளுத்து. அப்புறம் அடுத்த பக்கம். மொத்தமா அடிச்சே, மொத்தமும் ஒண்ணா அழுகி தண்ணில காத்தே இல்லாம மீன் மூச்சு முட்டிச் செத்துடும்."

அப்படியே செய்தான். முதல் பக்கம் அடித்து, இடுப்பளவுச் சேற்றில் இறங்கி, அழுகலை வாரி வாரிக் கரையேற்றினான். உடம்பெல்லாம் அரிப்பு. ஆனாலும் மீன்கள் துள்ளின. எத்தனையோ நாளுக்கப்புறம் வாய்க்குள் பாட்டு வந்தது அவனுக்கு. ராத்திரி பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஏன் அவசரப்படக் கூடாது, அவசரப்பட்டால் என்ன ஆகும், எல்லாம். அவள் உம் கொட்டிக்கொண்டே கேட்டாள்.

ஒருநாள் டவுனில் வீடு பார்த்துவிட்டுத் திரும்பியவனுக்குத் தூரத்திலேயே மருந்து நெடி குப்பென்று அடித்தது. மீதி மூன்று பக்கமும் இலைகள் நனைந்து பளபளத்தன.

"ஆள் விட்டு அடிச்சுட்டேன் மாப்பிள்ளை" என்றார் மாமனார். "ஒத்தையா எவ்வளவுதான் பாடுபடுவீங்க? எனக்கு மனசு கேக்கல."

கொடி மஞ்சளாகி, பழுப்பாகி, கொழகொழவென்று மூழ்க ஆரம்பித்தது. விடிந்ததிலிருந்து இருட்டுகிற வரை பேய் பிடித்தவன்போல வாரினான். வாரினது கொஞ்சம், கையோடு கரைந்து போனது அதிகம். கிணற்று மோட்டாரைப் போட்டுப் புதுத் தண்ணீர் விட்டால் மீன் பிழைக்கும் என்று மாமனார் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான்.

"மோட்டார் ரூம் சாவியைக் காணோமே மாப்பிள்ளை. நானும் காலைலேர்ந்து தேடறேன்."

சாவி அவர் இடுப்பிலேயே தொங்கியது. அதை மறைக்கக்கூட அவர் மெனக்கெடவில்லை.

வானம் மூடிக் கிடந்த ஒரு விடிகாலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. இவன் வாளியால் தண்ணீரை மொண்டு மொண்டு அடித்தான், கை சலிக்கும் வரை. வெயில் வருவதற்குள் குட்டை முழுக்க வெள்ளை வயிறுகள்.

மாமனார் காபி டம்ளரோடு வந்து நின்றார். "அடேயப்பா, கரை பளிச்சுன்னு தெரியுதே! வாக்குன்னா வாக்குதான், மாப்பிள்ளை. மீன் உங்களுது. எடுத்துக்கோங்க."

சேறு சொட்டச் சொட்ட அவன் பின்கட்டுக்குப் போனான். பெண்டாட்டி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பாவுக்கு எந்த மருந்து எதுக்குன்னுகூடத் தெரியாது. மொத்தமா அடிச்சா மீன் சாகும்னு அவருக்கு யார் சொன்னது?"

அவள் நிமிரவில்லை. "நான்தான்."

அவன் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான்.

"டவுன்ல ஒண்டுக் குடித்தனத்துல கிடந்து என்னால அல்லாட முடியாதுங்க. வேண்டாம்னா நீங்க கேப்பீங்களா? ஒரேயடியா முகம் தொங்கிடும். அதான் அப்பாகிட்ட சொன்னேன்." உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். குரலில் கோபம்கூட இல்லை, ஒரு பெரிய வேலை முடிந்த நிம்மதிதான் இருந்தது. "வெந்நீர் போட்டு வெச்சிருக்கேன். குளிச்சிட்டு உள்ள வாங்க, நாத்தம் குடலைப் பிடுங்குது."