பை வைக்காத துணி

வெயிலில் நிற்கிறது அந்த வெள்ளை அங்கி, கயிற்றின் இரண்டு புரிக்கும் நடுவில் தோள் முனையைச் செருகிவிட்டேன், எங்கள் வண்ணாந்துறையில் கிளிப் கிடையாது, கயிறே பிடித்துக்கொள்ளும், காயலில் இருந்து வருகிற காற்று கழுத்து வழியாக உள்ளே புகுந்து கைகளை ஊதி வயிற்றை ஊதி ஒரு பொம்பளை நிற்பது மாதிரி அதை நிறுத்துகிறது, பிறகு விட்டுவிடுகிறது, துணி துணியாகத் தொங்குகிறது, மறுபடியும் ஆள், மறுபடியும் துணி, நான் துவைகல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மட்டாஞ்சேரி யூதத் தெருவில் இருந்த சிம்ஹாம்மா காலையில் போய்விட்டாள் என்று அவளுடைய தம்பி மகன் ஏலியா வந்து சொன்னபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை, சோடா உப்பில் நெடுநேரம் கிடந்த விரல் மாதிரி இருக்கிறேன், என் பிச்சம்மா செத்ததில் இருந்தே இப்படித்தான், கிள்ளினால் கிள்ளுகிறார்கள் என்று தெரிகிறது, வலிப்பது வேறு யாருக்கோ. இன்று வெள்ளிக்கிழமை, பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்குள் அடக்கம் செய்தாக வேண்டும், அம்மாயி பெட்டியில வச்ச துணி பழுத்துப்போச்சு அண்ணாச்சி, ஒரு கறையும் உண்டு, ஒண்ணு வெளுத்துத் தரணும் என்றான் ஏலியா, அத்தையை அவன் அம்மாயி என்பான், வாங்கிக்கொண்டேன், தண்ணீரில் போடும் முன்னால் கை தன்னால் பையைத் துழாவியது, வெளுக்கிறவன் கை அப்படி, இதில் பை இல்லை, அவர்கள் சாவுக்கு உடுத்துகிற துணியில் பை வைப்பதில்லை, வருஷா வருஷம் பெரிய நோன்புக்குச் சிம்ஹாம்மா உடுத்துவதும் இதுதான், அதற்கு முன்னால் எங்களிடம்தான் வெளுக்கப் போடுவாள், இதுக்கு ஏம்மா பை இல்ல என்று பிச்சம்மா ஒரு தடவை கேட்டாள், போற எடத்தில எந்தாடி வைக்கான் என்றாள் சிம்ஹாம்மா, இரண்டு பேரும் சிரித்தார்கள், இரண்டு பேரும் இப்போது இல்லை, மேகம் ஒன்று காயல் பக்கமிருந்து வருகிறது, காயுமா காயாதா தெரியவில்லை.

பிச்சம்மா என் பெண்சாதி, மூத்தது ஒன்றும் தங்காமல் இவள் பிறந்தபோது நாலு வீட்டில் தவிடு பிச்சை வாங்கி அந்தப் பேரை வைத்தார்களாம், திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து என்னோடு கொச்சிக்கு வந்தாள், அழுக்கெடுக்கப் போவதும் வெளுத்ததைக் கொண்டு கொடுப்பதும் அவள் பாடு, கல்லில் அடிப்பதும் வெள்ளாவி வைப்பதும் என் பாடு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிம்ஹாம்மா வீட்டில் இருந்து திரும்பி வருகிறாள், மூட்டையை இறக்கவில்லை, அந்த அம்மா விளக்கேற்றுவதற்கு முன்னால் சுவரில் தொங்குகிற தகரப் பெட்டியில் காசு போட்டதைப் பார்த்திருக்கிறாள், எந்தக் கோயில் உண்டியம்மா இது என்று கேட்டிருக்கிறாள், கோயிலுக்கல்ல பிச்சம்மா, வீட்டுக்கு வர்றதில பத்தில ஒண்ணு எங்களுதல்ல, இல்லாதவங்களுது, எங்க கையில வந்து நிக்குது, அவ்வளவே உள்ளு, எங்க பாஷையில மாசெர்னு சொல்லும் என்றாளாம். பிச்சம்மா காதில் அது மாசற என்று விழுந்தது. இந்தாரும், அவுக பாசையில நம்ம தொழில் வார்த்தை இருக்கு, மாசற, மாசு அற, துணிக்கு அழுக்கெடுக்கிற மாதிரி காசுக்கு அழுக்கெடுக்காவ, பத்துல ஒண்ண எடுத்துட்டா மிச்சமெல்லாம் வெளுத்துருது என்றாள். நான் சிரித்தேன், பிச்சை எடுத்துப் பேரு வச்சவ பிச்சை போடக் கெளம்பிட்டியாக்கும், நாமளே வாங்குற எடத்துல இருக்கோம் ஏட்டி, அதெல்லாம் மாடிவீட்டுக்காரனுக்கு என்றேன், நீரு சும்ம கெடயும், வெளுக்காத காச எப்பிடி வீட்டுக்குள்ள வைக்க என்று சொல்லிக்கொண்டே நீலம் வந்த தகர டப்பாவின் மூடியை அரிவாள்மனையில் வைத்துக் கீறினாள். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது, துணியில் சேங்கொட்டை மையால் போடுகிற வீட்டுக் குறிதான் நான் அறிந்த எழுத்து, தலை நரைத்த பிறகு எங்கள் சங்கத்தில் நடத்திய சாயங்காலப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டினேன், முதன்முதலில் எழுதிப் பார்த்த வார்த்தைகளில் அதுவும் ஒன்று, மாசற, எழுதி முடித்துப் பார்த்தால் அது வேறு யாருடைய பாஷையிலும் இருக்கும் என்று நம்ப முடியவில்லை.

டப்பா நிறைந்தால் யாருக்கு, எப்படி, கொடுக்கிற ஆளும் வாங்குகிற ஆளும் ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாமல் கொடுப்பதுதான் மேல் என்று சிம்ஹாம்மா சொல்லியிருந்தாள், பிச்சம்மாவுக்கு அது போதும், கிட்டங்கியில் சுமை தூக்குகிற கொச்சாப்பு இருக்கிறான், அவன் வீட்டுக்காரி படுத்த படுக்கை, நல்ல சட்டை என்று ஒன்றுதான் அவனுக்கு, அதைத் தேய்த்து மடித்து, பையில் நோட்டைச் சின்னதாக மடித்துச் செருகிவிடுவாள், அவன் மறந்து விட்ட காசு அவனுக்கே கிடைத்தது போல இருக்கும். முதல் தடவை கொச்சாப்பு காசோடு திரும்பி வந்து நின்றான், இது என்டெ காசல்ல, வேற ஆருடெயோ சட்டையில இருந்து மாறிப்போச்சு என்றான், பிச்சம்மா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமல், உம்ம சட்டையில இருந்தா உம்ம காசு, வெளுக்குத எடத்துல வந்து பஞ்சாயத்து வைக்கீராக்கும், போவும் அங்கிட்டு என்று விரட்டினாள், அவன் போகிற வரைக்கும் முகம் கோபமாகவே இருந்தது, போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தாள், அந்தச் சிரிப்பை நான் பார்த்தேனா, பார்த்ததாக இப்போது இந்த வெயிலில் உட்கார்ந்து நினைத்துக்கொள்கிறேனா, காற்று ஊதுகிறது, அங்கிக்குள் பிச்சம்மா நிற்கிறாள், இல்லை, சிம்ஹாம்மா, அவளும் இல்லை, துணி.

பிச்சம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள், அறுக்க வேண்டும் என்றார்கள், அங்கே இங்கே புரட்டியும் போதவில்லை, அலமாரியில் டப்பா கனத்துக் கிடந்தது, நான் அதைப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள், அதத் தொடாதீரும், அது நம்மளுது இல்ல என்றாள், ஏட்டி நீ செத்துட்டா அதுல யாரு போடுவா என்றேன், செத்தாலும் நம்மளுது இல்ல, சட்டம் அவுகளுது, அவுககிட்டக் கேப்போம் என்றாள், ஆட்டோவில் மடியில் டப்பாவோடு உட்கார்ந்து வந்தாள், குழி விழுந்த ரோட்டில் அது குலுங்கும்போதெல்லாம் வயிற்றைப் பிடிக்கவில்லை, டப்பாவைப் பிடித்தாள். சிம்ஹாம்மா யோசிக்கவே இல்லை, எடுத்துக்கோ பிச்சம்மா, எங்க சட்டமே அதுதன்னெ, முதல்ல சொந்த வீட்டில உள்ள ஏழை, பின்னெ தெருவு, பின்னெ ஊரு, இப்ப நீதன்னெ ஏழை என்றாள், நல்ல மனசோடுதான் சொன்னாள், எனக்கு மூச்சு வந்தது, திரும்பிப் பார்த்தால் பிச்சம்மா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், வெளுத்துக் காயப்போட்ட துணியில் காக்கா எச்சம் விழுந்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படி. அப்பம் இத்தன வருசம் நான் போட்டது யாருக்கும்மா, எனக்கே போட்டுக்கிட்டேனா, நானும் கொடுத்தவதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் என்றாள், குரலில் அழுகை கிடையாது, கணக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள். சிம்ஹாம்மா எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய தன் தகரப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜைமேல் கவிழ்த்தாள், நின்டெ டப்பா நின்டெ கூட இருக்கட்டே, இது என்டெ கையில வந்து நின்னது, இப்ப நின்டெ கைக்குப் போகுது, நாணம் ஒண்ணும் வேண்டா, எங்க சட்டத்தில இன்னொண்ணும் உண்டு கேட்டோ, தர்மம் வாங்கித் தின்னுற ஆளும் அதில இருந்து கொடுக்கணும், கொடுக்கிறதில மட்டும் ஆருக்கும் விடுதல் இல்ல என்றாள். பிச்சம்மா நிமிர்ந்தாள், அப்பம் இதுலயும் மாசற உண்டா என்றாள், எந்து, மாசறயா, என்றாள் சிம்ஹாம்மா, அன்றைக்குத்தான் வெளியே வந்தது, இத்தனை வருஷமும் பிச்சம்மா எதை நினைத்துக்கொண்டு போட்டாள் என்று, மாசெர்னா பத்தில ஒண்ணுடீ, அழுக்கும் இல்ல வெளுப்பும் இல்ல என்று சொல்லிச் சொல்லி அந்த அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தி, நீ சொன்னதும் செரிதன்னெ என்றாள். அந்த மேஜையிலேயே எடுத்துத் தன் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் பிச்சம்மா எழுந்தாள், ஏட்டி தர்மமா வந்ததுலயுமா என்று படியிறங்கும்போது கேட்டேன், வெள்ளாவிப் பானைக்கு எந்த வீட்டுத் துணின்னு தெரியுமா, வந்தது வந்ததுதான் என்றாள். அறுத்தார்கள், கட்டி போயிற்று, கொஞ்ச நாள் நடமாடினாள், கட்டி மறுபடி வந்தது, ஐப்பசி அடைமழையில், ஒரு துணியும் காயாத நாளில் போனாள். டப்பா அலமாரியில் அப்படியே இருக்கிறது, நான் போடவும் இல்லை எடுக்கவும் இல்லை, நான் போட்டால் போடுகிறவள் இல்லை என்று ஆகிவிடும், கொச்சாப்பின் சட்டை வருகிறது, வெளுத்துப் போகிறது, வாங்கும்போது பையை ஒரு தடவை மேலாகத் தொட்டுப் பார்க்கிறான், ஒன்றும் கேட்பதில்லை.

மேகம் தெற்கே ஒதுங்கிவிட்டது, தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருக்கிறது, கறை இருந்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை, மடித்து வைத்தபோது ஏலியா ஓட்டமும் நடையுமாக வந்தான், வாங்கிக்கொண்டு காசை நீட்டினான், வேண்டாம் தம்பி, அவுகளுக்கு நான் கூலி வாங்க மாட்டேன் என்றேன், வாங்கணும் அண்ணாச்சி, சும்மா வெளுத்த துணிய உடுத்தமாட்டேன்னு அம்மாயி சொல்லி வச்சிருக்கு, கூலி வாங்கலேன்னா அண்ணாச்சி எதில இருந்து மாசற எடுக்கும்னு கேட்டது, அந்த வார்த்த எனக்கு மனசிலாகல, மாசெரான்னு திருப்பிக் கேட்டேன், அல்லடா, மாசறன்னு தன்னெ போய்ச் சொல்லுன்னது, அப்படி ஒரு வார்த்த உண்டா அண்ணாச்சி, என்று நிற்கிறான், உண்டு தம்பி என்றேன், வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை, வாங்கிக்கொண்டேன், நோட்டின் விளிம்பு விரலில் பட்டது, பட்டது தெரிந்தது. உள்ளே போய் அலமாரியில் இருந்து டப்பாவை இறக்கி, கூலியில் பத்தில் ஒன்றைச் சில்லறையாக எடுத்துப் போட்டேன், பிச்சம்மா போட்டால் கேட்கிற அதே சத்தம்தான் கேட்டது, அவள் இல்லை என்று ஆகிவிடவில்லை, மூடியை நெம்பி உள்ளே இருந்து ஒரு நோட்டை எடுத்தேன், கொச்சாப்பின் சட்டை தேய்க்கக் கிடந்தது, தேய்த்தேன், மடித்தேன், நோட்டைச் சின்னதாக மடித்துப் பையில் செருகும்போது உள்ளே இஸ்திரியின் சூடு இருந்தது, கை சுட்டது, எடுக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தேன். வெளியே வந்தால் அங்கி நின்ற இடத்தில் கயிற்றின் இரண்டு புரியும் தோள் முனை அகலத்துக்கு இன்னும் விலகியபடி இருக்கின்றன, காயலில் இருந்து காற்று வருகிறது, அங்கே ஊதுவதற்கு ஒன்றும் இல்லை, என் சட்டைக் கழுத்து வழியாகப் புகுந்து கைகளை ஊதி வயிற்றை ஊதி, ஒரு ஆள் நிற்பது மாதிரி என்னை நிறுத்துகிறது.