வடக்குச் சுவரின் உயரம்

வடக்குச் சுவரை நிரூபன் நேரில் கண்டதில்லை. தென் பிரான்சில், மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்த பழைய தேவாலயத்தைப் பற்றி அவன் தொராண்டோவில் நான்கு ஆண்டுகளாக ஆய்வு செய்துகொண்டிருந்தான். முதலில் மரக்கூரையோடு எழுந்த ஆலயம் அது. பின்னொரு காலத்தில் கல்வளைவுக் கூரை அமைத்தபோது சுவர்களையும் உயர்த்தினார்கள் என்பது அவனுடைய வாதம். அதற்கான சான்று, எந்த நூலும் படம் வெளியிடாத வடக்குச் சுவரில்தான் இருக்க வேண்டும். ஆனால், அகதி வழக்கு முடியும்வரை அவனால் கனடாவை விட்டு வெளியேற முடியாது.

போனவன் கஸ்பர். தொராண்டோவை அடுத்த பிறம்ரனில் லொறி ஓட்டுபவன், குடியுரிமை பெற்றவன். ஓகஸ்ட் மாதம் பாரிஸ் உறவினரோடு லூர்து மாதாவிடம் யாத்திரை போனவன், நண்பன் கேட்டதற்காக வழி விலகிச் சென்று படமெடுத்து வந்தான். அளவு தெரிவதற்காக ஒவ்வொரு படத்திலும் சுவரோடு சேர்ந்து தானே நின்றிருந்தான்.

அன்றிலிருந்து அந்தத் தேவாலயம், அவர்கள் பேச்சில் 'கோயில்', கஸ்பருடையதாகிவிட்டது. எந்த வீட்டு விருந்திலும் அவன் சொல்ல, மற்றவர்கள் கேட்டார்கள். அவன் பிழையாகச் சொன்ன ஓர் ஆண்டை நிரூபன் திருத்தினால், "நீர் படத்திலை பாத்தது. அவர் தொட்டுப் பாத்தவர்" என்றார்கள். சுவரைத் தொட்ட கஸ்பரின் உள்ளங்கையின்மேல்கூட நிரூபனுக்குப் பொறாமை வந்தது.

வடக்குச் சுவரில் வாசலோ சாளரமோ இல்லை. கஸ்பர் மட்டுமே அளவுகோல். தொலைபேசியில் அவன் சொன்ன உயரம் ஐந்தடி பத்து அங்குலம். அதே கணக்கை மேற்கு வாசல் படத்தில் சோதித்தபோது, நூலில் பதிவான அளவைவிட வாசல் உயர்ந்துவிட்டது. கணக்கைத் திருப்பி, வாசலைக் கொண்டு கஸ்பரை அளந்தான் நிரூபன். ஐந்தடி ஏழு.

தன் கலியாணப் பேச்சிலும் கஸ்பர் ஐந்தடி பத்து என்றே சொல்லியிருந்தான். ஆய்வுக்கு வேண்டிய எண் கிடைத்துவிட்டது. இனி யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை. ஆனாலும் ஞாயிறன்று, ரெக்ஸ்டேலில் கஸ்பருக்குப் பேசியிருந்த மணப்பெண் செலீனின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், நிரூபன் கேட்டான்.

"கஸ்பர், உம்மடை உயரம் எவ்வளவு?"

"அண்டைக்குச் சொன்னனான்தானே. ஐஞ்சடி பத்து."

"கோயில் வாசல் ஐஞ்சடி ஏழு எண்டு சொல்லுது."

கஸ்பரின் கை சோற்றில் அப்படியே நின்றது. செலீனின் தாய் அன்ரனெற் மகளைப் பார்த்தார். அந்த ஒரு கணம் நிரூபனுக்கு இனித்தது.

"நானே ஐஞ்சடி ஆறு," என்றாள் செலீன். "பக்கத்திலை நிண்ட முதல் நாளே எனக்குத் தெரியும், நிரூபன் அண்ணை. உதைச் சொல்லப் பிரான்சிலையிருந்து ஒரு கோயிலையே கூட்டிக்கொண்டு வந்திட்டீங்களோ?"

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் கஸ்பர்தான். "அது சப்பாத்தோடை சொன்ன உயரம், அன்ரி."

"உது கிடக்கட்டும் தம்பி," என்றார் அன்ரனெற். "மணிக்கோபுரத்திலை ஏறின கதையை முழுக்கச் சொல்லேல்லை நீர்."

கஸ்பர் சொல்லத் தொடங்கினான். அவன் தவறாகச் சொன்ன ஆண்டுகள் எதையும் நிரூபன் திருத்தவில்லை.

மறுநாள் நூலகத்தில், படத்திலிருந்த கஸ்பரை ஒரு துண்டுத் தாளால் மறைத்துப் பார்த்தான். கீழே ஒழுங்கற்ற சிறு கற்கள். மேலே செதுக்கிய பெருங்கற்கள். இடையே, அவன் வாதிட்டபடியே, இரண்டும் சேரும் நேரான பொருத்துக் கோடு. எல்லாம் இருந்தன. ஆனால் அது எவ்வளவு உயரத்துச் சுவர் என்று சொல்ல எதுவுமில்லை. தாளை எடுத்தான். படத்தின் கீழ் எழுதினான்: "அளவுக்கு நிற்பவர் கஸ்பர், ஐந்தடி ஏழு அங்குலம்." அதே வரியை மற்றப் படங்கள் ஒவ்வொன்றின் கீழும் எழுத வேண்டியிருந்தது.