கணுக்காலில் ஓர் ஊசி

ஐந்தாவது வாரம். கணுக்காலுக்கு மேலே மெல்லிய ஊசி இறங்கியதும் நர்ஸ் ரொஸ்னா மிஷினின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். குணவதியின் பெருவிரல் தானாக மடங்கியது.

"ஆடுது லா ஆன்ட்டி! நரம்பு சொல் கேட்குது. வீட்டுல எப்படி?"

"ஒரு நாளைக்குப் பதினோரு தடவை போனது எட்டாயிருக்கு. எழுதிட்டு வந்திருக்கேன்."

"எட்டா? எங்க மாமியாருக்கு நீங்க எவ்வளவோ மேல்." சிரித்துக்கொண்டே தாளை வாங்கியவள், அரை மணி நேரம் காலை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

காலில் ஓடும் கரண்ட் சிறுநீர்ப்பையை எப்படி அடக்கும் என்று குணவதிக்கு இன்னும் விளங்கவில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் கெலுகோரிலிருந்து நிபோங் திபால் வரை நனையாமல் போய்ச் சேர்வதுதான். மகன் தனேஷின் வீட்டு வாசலை மிதித்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

கடைசியாகப் போன அன்று, அவன் ஓட்டிய புதுக் காடியில் கடல் பாலத்தைத் தாண்டுவதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது. அவன் பெட்ரோல் போட இறங்கிய நேரத்தில், தண்ணீர் பாட்டிலைச் சீட்டில் கவிழ்த்தாள். "புது சீட்டும்மா! கண்ணு தெரியலையா?" என்று வழியெல்லாம் ஏசினான். அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் அவள் போகவில்லை. அம்மாவுக்குக் கோபம் என்று அவன் நினைத்தான். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மடியில் போன் அதிர்ந்தது. தனேஷ்தான்.

"ஒரு பாட்டில் தண்ணிக்கு இவ்வளவு வைராக்கியமாம்மா? சரி, நான் ஏசினது தப்பு. மன்னிச்சிரு. பாப்பா பிறந்தநாளுக்காவது வா."

அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. 'சரிப்பா' என்றால் அந்தப் பழி அவனோடு தங்கிவிடும். வருகிறேன் என்று சொல்லவும் துணிவில்லை. யாரோ ஒரு நர்ஸுக்கே எல்லாவற்றையும் நேரக்கணக்கோடு எழுதிக் கொடுத்தாயிற்று; பெற்ற மகனிடம் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

"அது தண்ணி இல்லப்பா."

"என்னது?"

"அன்னைக்குக் காடியில எனக்கு அடங்கல. தெரியக் கூடாதுன்னுதான் பாட்டிலைக் கவுத்தேன். இப்ப கிளினிக்ல இருக்கேன். அதுக்குத்தான் வைத்தியம்."

அந்தப் பக்கம் ஃபேக்டரி இரைச்சல். யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இரைச்சல் நின்றது.

"ஈரத்துல உக்காந்தே வந்தியாம்மா?" என்றான். "அவ்வளவு தூரமும்?"

"ஆமாப்பா" என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இருவரும் போனை வைக்கவில்லை.