ஷோபனா போட்ட நன்றிகள்

சேக்காட்டில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் காலை ஏழு மணிக்குள் வாட்ஸப் குழுவில் யாருக்காவது நன்றி சொல்லியாக வேண்டும். செயலாளர் கிருபாகரனின் சட்டம் அது. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஆயுசு பூராவும் ஆட்களுக்கு வருகைப்பதிவு எடுத்து ஓய்வுபெற்ற மனிதர், ஏதோ ஒரு தியான வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். அன்றிலிருந்து நன்றிக்கும் வருகைப்பதிவு எடுக்கிறார். நன்றி போடாதவர்களின் பெயர் ஏழேகாலுக்குக் குழுவில் வந்துவிடும்.

அவர் சொன்னவற்றில் ஷோபனாவுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். காலையில் பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்து, வேறு நினைப்பில்லாமல், முழுக் கவனத்தோடு காபி குடிக்க வேண்டுமாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சூடாக ஒரு காபி குடித்த ஞாபகம் அவளுக்கு இல்லை. அம்பத்தூர் ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்தில் டம்ளர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அந்தப் பத்து நிமிடம் எப்படியும் வேண்டும் என்று பால்கனியில் நாற்காலியைப் போட்டாள்.

உட்கார்ந்ததும் தலையில் சொட்டியது. மேல்வீட்டு பூபாலன் வீட்டுத் துணி. பிழியாமலேயே காயப்போடுகிற குடும்பம். சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அன்று எரிச்சலில் குழுவில் எழுதினாள்: 'துணிகளை நன்றாகப் பிழிந்து காயப்போடும் பூபாலன் அண்ணனுக்கு நன்றி.'

குத்தலாகத்தான் எழுதினாள். ஆனால் குத்தல் யாருக்குப் புரிகிறது? கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. 'முன்மாதிரிக் குடும்பம்' என்று கிருபாகரன் வேறு எழுதிவிட்டார். மறுநாள் காலை மேலேயிருந்து பூபாலன் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், குரூப்புல நம்மள இப்டித் தூக்கி வச்சிட்டீங்க! இன்னிக்கு நானே புழிஞ்சேன். பாருங்க, ஒரு சொட்டு வுழுதா?"

இல்லை. ஷோபனாவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் சண்டை போட்டுக் கிடைக்காதது ஒரு பொய் நன்றியில் கிடைத்துவிட்டதே! கையில் இப்படி ஒரு ஆயுதத்தை வைத்துக்கொண்டு யாராவது சும்மா இருப்பார்களா? அவள் இருக்கவில்லை.

அடுத்த நன்றி கணவன் லட்சுமணனுக்கு. 'தினமும் காலையில் எனக்குக் காபி போட்டுத் தரும் என் கணவருக்கு நன்றி.'

லட்சுமணன் பல்துலக்கிக்கொண்டே படித்தான். "நான் எப்போடி போட்டேன்?" என்று நுரையோடு கேட்டான். அவள் பதில் சொல்லத் தேவையே வரவில்லை. லிஃப்டில் இரண்டு பேர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மூன்றாவது மாடிப் பெண்மணி தன் கணவரைக் காட்டி, "இவருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க சார்" என்றாள். இவ்வளவு நல்ல பேர் எடுத்த பிறகு ஆண்பிள்ளை என்ன செய்வான்? மறுநாள் அடுக்களையில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

அதன்பிறகு ஷோபனாவின் ராஜ்ஜியம்தான். சொட்டாத பால்கனி, ஆவி பறக்கும் டம்ளர். காபியைக் கொடுத்துவிட்டு லட்சுமணன் பால்கனி வாசற்படியிலேயே நிற்பான். "எப்படி இருக்கு?" என்பான். "பிரமாதம்" என்று சொல்லிவிட்டுக் கொசுவலைக் கதவை இழுத்துச் சாத்துவாள். தியானத்தில் ஆள் குறுக்கே நிற்கக் கூடாதல்லவா? கண்ணை மூடி முழுக் கவனத்தோடு உறிஞ்சுவாள். கவனம் மட்டும் இட்லி மாவுக்கும் ஆவடி லோக்கல் ரயிலுக்கும் ஓடிக்கொண்டே இருக்கும்.

வியாழக்கிழமை காலை கண்ணை மூடியிருந்தபோது செல்போன் அதிர்ந்தது. குழுவில் லட்சுமணன் எழுதியிருந்தான்.

'தினமும் காலையில் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காபி குடிக்கும் என் மனைவிக்கு நன்றி.'

ஷோபனா இரண்டு முறை படித்தாள். முதலில் பற்றிக்கொண்டு வந்தது. என் ஆயுதத்தை எடுத்து என்மேலேயேவா? பாடுபட்டு வாங்கிய பத்து நிமிடம் ஆயிற்றே! அதற்குள் சிவப்பு இதயங்கள் வந்து குவிய ஆரம்பித்தன.

மேலேயிருந்து குரல் வந்தது. "இன்னா மேடம், தனியா குந்திகினு கீறீங்க? அண்ணாத்தே எங்க காணோம்?"

"உள்ள இருக்கார்" என்றாள். கொசுவலைக்கு அப்பால் அவன் சுவரில் சாய்ந்து நின்றபடியே தன் காபியைக் குடித்துக்கொண்டிருந்தான். இத்தனை நாளும் இப்படித்தான் நின்று குடித்திருக்கிறான். அவள்தான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. வெட்கமாகப் போய்விட்டது அவளுக்கு. அந்தப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்க மனசும் வரவில்லை, அதுவும் உண்மை.

கதவைத் திறந்தாள். "ஏங்க, அந்த முக்காலியை எடுத்துட்டு வாங்க."

அவன் உட்கார்ந்தான். அவள் ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தாள்.

"என்னங்க இது, காபியில ஒரு மாதிரி வாடை? நாட்டுச் சர்க்கரையா போட்டீங்க?"

லட்சுமணன் சிரித்த சிரிப்பில் முக்காலி ஆடியது.

"முதல் நாள்லேருந்து அதான் போடறேன். சர்க்கரை டப்பா எங்க இருக்குன்னு எனக்கு இன்னும் தெரியாது!"