ஓரத்துக்குப் போன நிறம்

ஓரத்தம்மாவிடமிருந்து முதலில் போனது புருவத்தின் நிறம். தோல் விலை ஏறிய வாரம் அது. தெருவே விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் புருவத்தை யாரும் கவனிக்கவில்லை. அது நரைக்கவில்லை, உதிரவுமில்லை. முடி அப்படியே இருந்தது, நிறம்தான் இல்லை. வெளிச்சம் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது. அன்றைக்குத்தான் பின்னறைப் பலகையில் இருந்த ஒரு ஜோடி ஷூவின் அடித்தோல் ஓரத்தில், வாரக்கணக்காகப் போக்குக் காட்டிய பழுப்பு அச்சு அசலாக வந்து உட்கார்ந்திருந்தது.

அவளுக்கு அந்தப் பெயர் வேலையால் வந்தது. பட்டறைக்கு இரண்டு அறை. முன்னறையில் கணவர் மரஅச்சின்மேல் தோலை இழுத்துக் கட்டி ஷூ தைப்பார். பின்னறையில் அவள் அடித்தோலின் ஓரத்துக்கு நிறம் ஏற்றுவாள். சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத இடம், ஆனாலும் ஷூவைக் கையில் எடுப்பவரின் கண் நேரே அங்கேதான் போகும். உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் ஒற்றி, மறுபடி தேய்த்து, தூரிகையை நிறுத்தாமல் ஒரே இழுப்பில் சாயம் பூச வேண்டும். ஈரத்தில் ஒரு நிறம் தெரியும், காய்ந்தால் வேறு, மெழுகு வைத்துச் சூட்டிரும்பால் தேய்த்தால் இன்னும் வேறு. ஒரே தோலில் ஒரு பக்கம் சாயத்தைக் குடித்துவிடும், இன்னொரு பக்கம் துப்பிவிடும். பெரிய தெருக் கடைக்காரர் மேல்தோலும் ஓரமும் ஒரே பழுப்பில் வேண்டும் என்று அடம்பிடித்தார். ஒருமுறை சிவப்படித்தது, ஒருமுறை கறுத்தது. "இது ஓரமா, அடிப்பிடிச்ச சட்டியா?" என்று கேட்டு மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார். பட்டறை பிழைப்பதே அந்த ஒரு கடையால்தான்.

சரியான பழுப்பு வந்த அன்று, சாப்பிடும்போதுதான் கணவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"புருவத்த என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலையே."

அவள் எழுந்துபோய்க் கண்ணாடி பார்த்தாள். பிறகு பின்னறைக்குப் போய் ஷூவைப் பார்த்தாள். திரும்பி வந்து சோற்றைப் பிசைந்தபடி, "போனா போகுதுங்க. வராதது வந்திருக்கே" என்றாள். அவள் குரலில் சந்தோஷம்கூட இருந்தது.

அதன்பிறகு எந்த நிறமும் அவளுக்கு முரண்டு பிடிக்கவில்லை. கறுப்பு ஷூக்கள் கடைக்கு அனுப்பப்பட்டபோது கூந்தல் போனது. பெண்களுக்கான கருஞ்சிவப்புக் காலணிகள் முடிந்தபோது உதடு போனது. கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக நேரில் வந்து பாராட்டிவிட்டு, அவளைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு போனார். அவள் தம்பி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன், "அக்கா, வெயில்ல நிக்காத, வெளுத்துருவ" என்று சிரித்தான். சிரித்த வேகத்திலேயே கொல்லைப்பக்கம் போய் அழுதான். மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ரத்தம் சிவப்பாகத்தான் இருக்கிறது, அதுவரைக்கும் நல்லது என்று சொல்லி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

கணவர் தூரிகையைப் பிடுங்கிக்கொண்டார். இனி ஓரத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோலச் சாயத்தை அப்பிவைத்தார். காய்ந்ததும் குறை சொல்ல முடியாத நிறம் வந்திருந்தது. அடுப்படியில் இருந்தவளின் இடது மணிக்கட்டு வழியாகச் சுவர் தெரிந்தது. சாயத்தைச் சாக்கடையில் கொட்டினார். பலகையில் சாயம் பூசாமல் வைத்திருந்த ஓரங்கள் தாமாகவே நிறம் ஏற்றிக்கொண்டன. பட்டறையைப் பூட்டிவிட்டுக் காய்கறிக் கிடங்கில் எடை போடும் வேலைக்குப் போனார். அதற்குள் ஊரில் பாதிப் பேர் அவர்கள் செய்த ஷூவைப் போட்டு நடந்துகொண்டிருந்தார்கள். நடந்து நடந்து தேய்ந்த ஓரங்கள் அவர்கள் காலிலேயே புதிதாகிக்கொண்டன. இவ்வளவு உழைக்கும் சாயத்தை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

என்ன செய்வதென்று தெரியாமல் அவர் ஷூக்களைத் திருப்பிக் கேட்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். இரக்கப்பட்ட ஓர் ஓட்டுநர் மட்டும் தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார். கணவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஓரத்தைக் கத்தியால் சுரண்டி, துகளைத் துணியில் சேர்த்து, எண்ணெயில் குழைத்து அவள் கன்னத்தில் தடவினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் மட்டும் ஒட்டியது, துகள் உதிர்ந்து மடியில் விழுந்தது. சுரண்டிய ஓரத்தில் மறுநாள் மறுபடி நிறம் ஏறியிருந்தது. அதற்கு ஈடாக அவள் காது இரண்டும் போயிருந்தன.

அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "என்னோடத எடுத்துக்கிட்டா என்ன? நானும்தான தைச்சேன்!" என்று ஷூவைப் பார்த்துக் கத்தினார்.

"விடுங்க. நீங்க கைய வெச்சா இன்னும்தான் போகுது" என்றாள் அவள்.

அன்றிலிருந்து அவர் எதுவும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் அவர் செய்ததிலேயே கஷ்டமான வேலை. பூட்டிவைத்தும் பயனில்லை என்பதால் பட்டறையைத் திறந்தார். அவளும் பழையபடி பின்னறையில் உட்கார்ந்தாள். வேறு ஊரில் குடித்தனம் செய்த மகள் வந்து வாசலில் பையை வைத்துவிட்டு, எதிரே நின்ற சட்டை கொடியில் தொங்குவதாக நினைத்து, "அம்மா எங்கப்பா?" என்று கேட்டாள். "உன் மூக்குக்கு நேராத்தான்டி நிக்கிறேன்" என்று பதில் வந்தது. மகள் அந்தச் சட்டையைக் கைகளால் துழாவி, தோளைக் கண்டுபிடித்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் சூடாகத்தான் இருந்தது. ஊருக்குக் கிளம்பும்வரை அவள் அம்மாவின் கையை விடவேயில்லை, சமைக்கும்போதுகூட.

வருடங்கள் போயின. வேலை இல்லாத சாயங்காலங்களில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாள். "என்னங்க, என் முழங்கை போகுது பாருங்க" என்பாள். வங்கி அதிகாரி ஒருவர் அவர்கள் செய்த ஷூவில் கைப்பையோடு போய்க்கொண்டிருப்பார். "அதோ, கழுத்து. அந்தாளு ஏன் சேத்துல இறங்குறாரு?" என்பாள். கணவர் குனிந்து நூலுக்கு மெழுகு பூசிக்கொண்டே இருப்பார். ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை.

கடைசியாகக் கண்மணிகளின் கறுப்பும் போயிற்று. பார்வை போகவில்லை. அதன்பிறகு அவள் பூசிய ஓரங்கள் பழையபடி சிவப்படிக்கத் தொடங்கின. கடைக்காரர் பழையபடி திருப்பி அனுப்பினார். பால்காரர் அந்தரத்தில் நீளும் பாத்திரத்தில் அளந்து ஊற்றிவிட்டு, மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துப் போவார்.

அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் படம் வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. இருவரும் புகைப்பட நிலையத்துக்குப் போனார்கள். அவள் பூப்போட்ட நீலச் சட்டையில் நாற்காலியில் உட்கார்ந்தாள். புகைப்படக்காரர் காமிராவுக்குள் பார்த்து, சட்டையின் தோள் கொஞ்சம் சாய்ந்திருப்பதாகச் சொல்லி நிமிரச் சொன்னார். முதல் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கண்ண சிமிட்டிட்டீங்கம்மா. இன்னொண்ணு எடுத்துக்கலாம்" என்றார்.

இரண்டாவது படம் சரியாக வந்தது. கணவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, யாருமில்லாத அந்தக் கழுத்துப்பட்டிக்கு மேலே வெகுநேரம் பார்த்தார்.

"எப்படி வந்திருக்கேன்?" என்று பக்கத்திலிருந்து குரல் கேட்டது.

"நல்லா வந்திருக்க" என்றார்.

அலுவலகத்தில் எழுத்தர் படத்தையும் நாற்காலியையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, முத்திரை குத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.