குழாயின் மேலே நின்ற எண்ணெய்

2024 ஜூலை 9, செவ்வாய். இன்றைய பிழை: குழந்தை அஞ்சுவின் காதுச் சீழ் மாதிரியைச் சுழற்றும்போது கருவியின் வேகத்தைத் தவறாக வைத்துவிட்டேன். எழுதியிருப்பதைவிட இரண்டு மடங்கு. கவனக்குறைவு.

மாலை வகுப்பில் புள்ளியியல் நடத்தும் ராஜகுமார் சார், அன்றன்றைய பிழையை டைரியில் தேதி போட்டு எழுதச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். ரெனிஷா விடவில்லை. பூட்டிய கதவை இரண்டுமுறை இழுத்துப் பார்க்கிற பெண் அவள். ஆனால் அன்று மத்தியானம் ஆய்வகத்தில் நின்று அந்த வரியை எழுதி முடித்து மாதிரிக் குழாயை எடுத்தவளுக்கு, அடுத்த வரி எழுத ஓடவில்லை.

இரண்டு மடங்கு வேகத்தில் சுழன்றதில், குழாயின் மேலே மினுங்கலாக ஒரு படலம் பிரிந்து நின்றது. மூடியைத் திறந்து முகர்ந்தாள். தேங்காய் எண்ணெய்.

காதில் சீழ் வடியும் குழந்தைகள் சிலருக்கு ஏன் அது திரும்பத் திரும்ப வருகிறது, அவர்கள் உடம்பு கிருமியை எதிர்த்துப் போதுமான எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகிறதா என்பதுதான் செல்வதாஸ் சாரின் ஆராய்ச்சி. நாகர்கோவிலில் அவர் நடத்தும் ஆய்வகத்தில் ரெனிஷா இரண்டு வருடமாக ஆராய்ச்சி மாணவி. காதில் வடிவதைப் பஞ்சில் ஒற்றி, திரவத்தில் கலக்கி, எதிர்ப்புப் பொருளை அளப்பது அவள் வேலை. எல்லாக் குழந்தைகளுக்கும் அளவு குறைவாகவே வந்தது. திரவம் கலங்கியிருந்ததற்குச் சீழ்தான் காரணம் என்று இருவரும் நினைத்திருந்தார்கள். மறுநாள் காலை டாக்டர்கள் கூட்டத்தில் சார் முடிவைச் சொல்லப்போகிறார்: இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் காதில் எதிர்ப்புச் சக்தியே குறைவு, தாய்மாரின் பராமரிப்புக் குறைவும் காரணமாகலாம். அந்தக் கட்டுரையில் முதல் பெயர் ரெனிஷாவுடையது.

அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. யார்மேல் என்று யோசிக்கவில்லை. விறுவிறுவென்று வெளியே போனாள். வராந்தா பெஞ்சில் தாய்மார் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். புதுக்கடை ஊரிலிருந்து வந்த பிந்துவின் மடியில் மகள் அஞ்சு உறங்கிக்கொண்டிருந்தாள்.

“பிள்ளைக்க செவியில எண்ணெ விட்டியளா?”

“பின்னே விடாம?” என்றாள் பிந்து. “வெள்ளத்துணி திரிச்சு சலத்தையெல்லாம் தொடச்சு, எண்ணெ விட்டு, குளிப்பாட்டியாக்கும் கொண்டுவந்தது.”

“டெஸ்டுக்கு வரச்சில யாராவது அப்பிடிச் செய்வாங்களா? படிச்சவங்கதானே நீங்க?”

உறங்கிய பிள்ளை திடுக்கிட்டு விழித்தது. பிந்துவின் முகம் சிவந்தது.

“ஏன் கத்துதிய? நாலு தடவ வந்தாச்சு. ஒருதடவையாவது தொடைக்காண்டாம்னு பறஞ்சியளா? நாறுத செவியோட பஸ்ஸில ஏத்தினா பக்கத்துல இருக்கவ மூக்கப் பொத்துவா. இங்க கொண்டுவந்தா, ‘பிள்ளைய இப்பிடியா வச்சிருக்க’ன்னு நீங்களே கேப்பிய. அழுக்குப் பிள்ளைய டாக்டர் முன்னால நிறுத்த எனக்குத் தெரியாது.”

பக்கத்தில் இருந்த செல்லபாய் சிரித்தாள். “ஏட்டி பிந்து, நீ எண்ணெயோட நிறுத்தின. நான் எனக்கவனுக்கு பவுடரும் போட்டேன். கல்யாணத்துக்குப் போற மாப்பிள கணக்கா வந்திருக்கான்.”

“நானும் தொடச்சேன்,” என்றாள் இன்னொருத்தி. “நானும்,” என்றாள் அடுத்தவள்.

ரெனிஷாவுக்குக் காது மடல் சுட்டது. யாருடைய காதையும் யாரும் துடைக்காமல் கொண்டுவந்ததில்லை. அவளும் கேட்டதில்லை. அவள் வீட்டிலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் அம்மா முதலில் தேடுவது எண்ணெய்க் குப்பியைத்தான். தெரிந்திருந்தும் தோன்றவில்லை.

உள்ளே போனாள். ஒருவேளை எண்ணெயால் ஒன்றும் ஆகாமலிருக்கலாம், நாம்தான் பதறுகிறோமோ என்று ஒரு சந்தேகம். எதிர்ப்புப் பொருளின் அளவு முன்பே தெரிந்த திரவத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் எண்ணெய் சேர்த்து அளந்தாள். எண்ணெய் சேர்த்ததில் பாதிகூட வரவில்லை. மறுபடியும் செய்தாள். மறுபடியும் அதுவே.

செல்வதாஸ் சார் மறுநாள் பேச்சைக் கணினியில் திருத்திக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு நிமிராமலே சொன்னார்: “ஒரு சொட்டு எண்ணெ மக்கா. விட்டுரு.”

“அந்தச் சொட்டாலதான் சார் அளவு குறைஞ்சிருக்கு. பிள்ளைகளுக்குக் குறைவுன்னு சொல்ல நம்மகிட்ட ஆதாரமே இல்ல.”

“இப்ப சொன்னா? நாளைக்கு எல்லாரும் வாராங்க மக்கா.”

பேச்சை முடிக்க நினைத்தால்தான் அவர் வாயில் மக்கா வரும். ரெனிஷாவுக்கு அது எரிந்தது.

“பராமரிப்புக் குறைவுன்னு எழுதியிருக்கோம் சார். வெளிய வந்து பாருங்க. துணி திரிச்சுத் துடைச்சு, எண்ணெ விட்டு, பவுடர் போட்டு உக்காந்திருக்காங்க. அவங்க பாத்துக்கிட்டதை நாம குறைன்னு எழுதி வச்சிருக்கோம்.”

“எவளோ எண்ணெ விட்டதுக்கு நான் ஊர் முன்னால தலைகுனியணுமா?”

“விடக்கூடாதுன்னு சொல்லாதது நாமதானே? அதைச் சொல்ல மாட்டீங்கன்னா எனக்க பேரை எடுத்திருங்க. கேக்கிறவங்க வரிசையில உக்காந்து நானே எழும்பிக் கேப்பேன், மாதிரியில எண்ணெ இருந்துதான்னு.”

தன் குரல் இவ்வளவு உயரும் என்று அவளுக்கே தெரியாது. சார் அவளை முறைத்தார். பிறகு கணினியைப் படாரென்று மூடினார்.

“கேக்க வேண்டாம். மேடையில ஏறி நீயே சொல்லு. ரெண்டு வருஷம் எண்ணெயை அளந்தோம்னு சொல்லு. சிரிக்கட்டும்.”

“சொல்லுதேன் சார்.”

வெளியே வந்தபோது பிந்து பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ரெனிஷா பின்னாலேயே வாசல்வரை ஓடினாள்.

“அக்கா, கத்தினது எனக்க தப்பு. இன்னொரு தடவ எடுக்கணும். துடைக்காம கொண்டுவர முடியுமா?”

பிந்து நிற்கவே இல்லை. “பஸ்ஸில நாற வச்சுக் கொண்டுவர மாட்டேன். நாறுத செவி வேணும்னா எனக்க வீட்டுக்கு வாருங்க. குளிப்பாட்டதுக்கு முன்ன வரணும். காத்துநிக்க மாட்டேன்.”

மாலை வகுப்பில் ராஜகுமார் சார் சராசரி பற்றி நடத்தியது ஒன்றும் அவள் மண்டையில் ஏறவில்லை. கோபம் இன்னும் அடங்காமலே பையிலிருந்து டைரியை எடுத்தாள். ‘கவனக்குறைவு’ என்று மத்தியானம் எழுதியதை அடிக்காமல் விட்டு, அதன்கீழே எழுதினாள்:

பெரிய பிழை: எந்தத் தாயிடமும் கேட்கவில்லை.

நாளை: முதல் பஸ்ஸில் புதுக்கடை. அஞ்சு குளிக்குமுன் மாதிரி எடுக்க வேண்டும். பதினொரு மணிக்குக் கூட்டம். பழைய மாதிரிகள் செல்லாது என்று சொல்ல வேண்டும்.