தீபத்தைச் சுற்றி ஒரு வட்டம்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. தூறல் விழுகிறது, வாசல் ஓரம் இருக்கிறவர்கள் உள்ளே தள்ளி வாருங்கள். இன்றைக்கு ஒரு தலைவலியின் கதை சொல்லப்போகிறேன். சிரிக்காதீர்கள், தலைவலிக்கும் கதை உண்டு. இதில் ஒரு கண் போகிறது. முன்னாலேயே சொல்லிவிட்டேன், நடுவில் உங்கள் மனசு பதைக்கக் கூடாது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதைக்குப் பின்தெருவில் சரோஜா என்று ஒருத்தி இருந்தாள். ரவிக்கை தைக்கிறவள். புருஷன் பலராமன் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பயிர் வைப்பான், பௌர்ணமிக்குப் பௌர்ணமி பாதையோரம் டீக்கடை போடுவான். தலை நரைக்கிற வயசு வந்தும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் மூன்றாவது ஆள் பலராமனின் அக்கா காசியம்மாள். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள், தாலி இழந்தபின் அவன் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவள் சொல்லுக்குப் பலராமன் மறுசொல் சொன்னதில்லை.

சரோஜாவுக்கு வயசுக்கு வந்த நாளிலிருந்து ஒற்றைத் தலைவலி. வலது நெற்றிப்பொட்டு தெறிக்கும், வெளிச்சம் ஆகாது, வாந்தி எடுத்தால்தான் விடும். மாத்திரை போட்டுப் போட்டு வயிறு புண்ணானதுதான் மிச்சம். அப்புறம் செங்கம் ரோட்டில் ஆதிமூலம் என்கிற சித்த வைத்தியரிடம் போனாள். மூக்கில் விட ஒரு தைலம், நெற்றிக்குச் சுக்குப் பற்று, நொச்சித் தழை ஆவி, கத்தரிக்காயும் மொச்சையும் தொடக் கூடாது என்று பத்தியம். வலி அடியோடு ஒழிந்தது என்று சொன்னால் பொய். வாரத்துக்கு வந்தது மாசத்துக்கு என்று ஆனது. வந்தாலும் எழுந்து சோறு பொங்க முடிந்தது. அதுவே அவளுக்குப் பெரிசு.

வைத்தியர் ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்லி அனுப்புவார். "வலி பழைய வழியில வந்தா தைலத்த மூக்குல விடும்மா. புது வழியில வந்தா ஆளு நேர்ல வரணும்."

தொண்ணூற்றேழாம் வருஷத்துக் கார்த்திகை தீபம். பொழுது சாய்ந்து மலை உச்சியில் சுடர் எழும்பியதும் தெருவே கைகூப்பி நின்றது. சரோஜா நாத்தனாரின் முந்தானையை மெல்ல இழுத்தாள்.

"அண்ணி, தீபத்தச் சுத்தி வானவில்லாட்டம் வட்டம் இருக்குதே, உங்களுக்குத் தெரியுதா?"

"எனக்கு ஒண்ணியும் தெரியலியே. இன்னா கலருடி?"

"உள்ள நீலம். வெளிய செவப்பு."

காசியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தெரு கேட்கிற மாதிரி, "எங்க சரோஜாவுக்கு சாமி வட்டம் காட்டிட்டாரு" என்றாள். எங்க சரோஜா. அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததே இல்லை.

சோறு வடிக்க உள்ளே போன சரோஜா அடுப்பங்கரை பல்பைப் போட்டாள். பல்பைச் சுற்றியும் அதே வட்டம். உள்ளே நீலம், வெளியே சிவப்பு. வலது கண்ணைப் பொத்தினால் வட்டம் மறைந்தது. கையை எடுத்தால் வந்தது. பிறகு பல்பை அணைத்துவிட்டு அடுப்பு வெளிச்சத்திலேயே கஞ்சியை வடித்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஏன் விடவில்லை என்று கேட்பீர்கள். மறுநாளே பெண்கள் பூவும் பழமுமாக வந்தார்கள். மலையில் தீபம் எரிந்த நாளெல்லாம் அவள் பக்கத்தில் நின்று, "இன்னிக்கும் தெரியுதா சரோஜா?" என்று கேட்டார்கள். "வட்டம் பாத்தவளே, எம் புள்ள கணக்குல பாஸாவானான்னு அப்படியே பாத்துச் சொல்லேன்" என்று கேலி பேசியவளும் போகும்போது விபூதி வாங்கிக்கொண்டுதான் போனாள். அப்புறம் அதே தெரு வேணுவின் மனைவி வந்தாள். அவள் மகள் மதிவதனிக்கு வளைகாப்பு.

"மொத வளையலு நீதான் போடணும் சரோஜா."

அதுவரை வளைகாப்பு வீடுகளில் சரோஜா பந்தியில் சாப்பிட மட்டும் கூப்பிடப்பட்டவள். வளையல் தட்டு வரும்போது தானாகவே சுவரோரம் ஒதுங்கிக்கொள்வாள். யாரும் இழுத்து நிறுத்தியதில்லை.

வளைகாப்புக்கு முன்தினம் வலி வந்தது. பொட்டில் அல்ல, கண்ணுக்குள்ளேயே. கண் கோவைப்பழமாகச் சிவந்தது. பலராமன், "வா, வைத்தியர் கிட்டப் போவலாம்" என்றான்.

"பழைய வலிதாங்க. தைலம் தீந்துபோச்சு, நீங்களே வாங்கினு வந்துடுங்க. போனா அவரு படுக்கச் சொல்லுவாரு. நாளைக்கு நான் போவணும்."

காசியம்மாளும், "சாமி வந்து போற கண்ணு, வலிக்கத்தான் வலிக்கும்" என்றாள்.

வைத்தியர், "ஆளக் கூட்டினு வரலியா?" என்று கேட்டார். "அதே தலைவலிதான்னு சொல்லுதுங்க" என்றான் பலராமன். தீபத்துக்கு வந்த ஜனம் இன்னும் அவர் வாசலில் நின்றிருந்தது. அவர் தைலத்தை ஊற்றிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் அவளுக்கு வலது கண்ணில் வெறும் புகைதான். பட்டுப்புடவை கட்டி, சிரித்த முகமாகப் போனாள். தடவிப் பார்த்துத்தான் மதிவதனியின் கையைப் பிடித்தாள். முதல் வளையலைப் போட்டாள். கொல்லைப்புறம் போய்க் குடம் குடமாக வாந்தி எடுத்து, அங்கேயே சாய்ந்துவிட்டாள்.

பலராமன் ஆட்டோவில் வைத்தியரிடம் கொண்டுபோனான். அவர் நாடி பிடிக்கவில்லை. மூடிய இமைகள் மேல் விரல் வைத்து அழுத்திப் பார்த்தார். இடது கண் குழைந்தது. வலது கண் கோலிகுண்டாக இருந்தது.

"வீட்டு பல்பச் சுத்தியும் வட்டம் தெரிஞ்சுதாம்மா?"

அவள் புருஷன் இருக்கிற பக்கம் திரும்பிவிட்டு, "தெரிஞ்சுதுங்க" என்றாள்.

வைத்தியர் கையை எடுத்தார். "இது தலைவலியே இல்ல. கண்ணுக்குள்ள தண்ணி அடைச்சினு இருக்குது. ஆளப் பாக்காம தைலம் குடுத்தேன் பாரு, என்னத்தச் சொல்ல. இப்பவே பாண்டிச்சேரிக்குப் போங்க."

அங்கே கண் டாக்டர் வலியை அடக்கினார். போன பார்வை போனதுதான் என்றார். இடது கண்ணும் அதே அமைப்பு, லேசரில் ஒரு துளை போட்டால் தப்பிக்கும், அடுத்த வாரமே வாங்க, நாள் கடத்தாதீங்க என்றார்.

வீட்டுக்கு வந்தால் கூடம் நிறையப் பெண்கள். கட்டுப் போட்ட கண்ணைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமி ஒரு கண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டதாம். பலராமன் லேசர் பேச்சை எடுத்ததும் காசியம்மாள் மடக்கினாள்.

"நல்லா இருக்கற கண்ணுல ஓட்ட போடுவாங்களாமா? சாமி குத்தம்டா பலராமா. நான் உசுரோட இருக்கற வரைக்கும் அனுப்ப மாட்டேன்."

எல்லாம் தெரிந்த பலராமன் தலையைக் குனிந்துகொண்டான். சரோஜா அவனையே பார்த்தாள். அவன் நிமிரப்போவதில்லை என்று தெரிந்ததும் தானே பேசினாள்.

"அது சாமி இல்ல அண்ணி. அடுப்பங்கரை பல்பச் சுத்தியும் அதே வட்டம் இருந்துச்சு. அன்னிக்கே பாத்தேன். பாத்துட்டு மறைச்சிட்டேன்."

வேணுவின் மனைவி முதலில் எழுந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டினார்கள். மதிவதனி கையிலிருந்து சரோஜா போட்ட அந்த ஒரு வளையலை மட்டும் கழற்றிக் கிணற்றில் போட்டுவிட்டதாகச் சாயங்காலம் சேதி வந்தது.

காசியம்மாள் அழுதாள். "பொய்யாவே இருந்துட்டுப் போவட்டுமே. தெருவே நம்ம வாசப்படி ஏறுச்சே சரோஜா."

ஆனால் அதற்கப்புறம் அவள் தடுக்கவில்லை; அடுத்த வாரமே பலராமன் கூட்டிப்போய் லேசர் வைத்தாகிவிட்டது. இடது கண் தப்பியது. திரும்பி வரும் பஸ்ஸில் பலராமன் திண்டிவனம் தாண்டித்தான் கேட்டான்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா நீங்க என்னய அந்த வளைகாப்பு வீட்டுக்கு விட்டிருப்பீங்களா?"

சாரல் அடித்தது. அவன் எழுந்து ஜன்னல் தகரத்தை இறக்கிவிட்டான்.

பழைய ஒற்றைத் தலைவலி மாசத்துக்கு ஒருமுறை வந்துகொண்டுதான் இருந்தது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு அதே தைலத்தை மூக்கில் விட்டுவந்தாள். தெருப் பெண்கள் ரவிக்கையை வேறு இடத்தில் கொடுக்கத் தொடங்கினார்கள். பொய்க்காரி என்று அவள் காதுபடச் சொன்னார்கள்.

நேரமாகிவிட்டது, போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் யாருக்கும் வலி வரவேண்டாம். வந்தால், வெட்கப்படாமல் சொல்ல வாயும், கோபப்படாமல் கேட்க ஒரு ஆளும் அந்த வீட்டில் இருக்கட்டும். பிள்ளை பெற்றவளும் பெறாதவளும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடட்டும். உங்கள் குடும்பம் குறைவில்லாமல் இருக்கட்டும்.